தருமபுரி இசை விருது இரவு: கோணல் மார்க் தாளில்

தை மாதப் பனியில், தருமபுரியில் திறந்த மைதானத்தில் நடந்த இசை விருது இரவுக்கு 5-க்கு இரண்டரை நட்சத்திரம் கொடுக்கலாம். அதில் ஒரு நட்சத்திரம், நடுவர்களின் மதிப்பெண் பட்டியலை மறுநாள் காலையில் ஒளிக்காமல் ஒட்டி வைத்ததற்கு. பெரிய விருதுக்காரர்களே துணியாத காரியம் அது. அந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால், ‘ஜட்ஜுக்கு வேண்டியவன் வாங்கிட்டான்’ என்ற பேச்சோடு விஷயம் முடிந்திருக்கும். தாள் கையில் இருப்பதால் எந்தக் கட்டத்தில் கோணல் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் 28 பதிவுகள். 7 விருதுகள், 3 நடுவர்கள். குழுவுக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய், தனிப் பாடகருக்கு 500. பார்க்க வருகிறவர்களுக்கு 100, முன்வரிசை 300. ஏழில் நான்கு விருதுகளைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நாதஸ்வரம், தவில், கீபோர்டு, குழந்தைகள் பிரிவு நான்கும் சரியான கைக்கே போயின. வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் ஓயாமல் ஓடுவது மற்ற மூன்று: ‘சிறந்த நாட்டுப்புறக் கலைஞர்’, ‘சிறந்த பாடகர்’, ‘சிறந்த பாடல்’.

முதல் சண்டை நாட்டுப்புறக் கலைஞர் விருதுக்கு. சினிமாவில் வந்த கிராமியப் பாட்டுகளை ஆர்கெஸ்ட்ராவோடு பாடிய ஒரு பாடகிக்கு அது போனது. தோற்றவர்கள் இருவர். 2 பம்பை, 3 பறை, ஓர் உடுக்கை, கைச்சிலம்பு என்று வந்த குழு ஒன்று. தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுகிற கலைஞர் மற்றவர். பாடகியின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. குரல் திடமாக இருந்தது, உச்ச ஸ்தாயியில் மூச்சு உடையவில்லை. அவரைத் திட்டுகிறவர்கள் ஆள் மாறித் திட்டுகிறார்கள்.

தாளைப் பாருங்கள். ஏழு பிரிவுக்கும் ஒரே அச்சுத் தாள்: சுருதி 25, தாளம் 25, உச்சரிப்பு 20, மேடைத் தோற்றம் 15, பார்வையாளர் வரவேற்பு 15. பம்பை அடிக்கிறவருக்கு உச்சரிப்பு மார்க் எப்படிப் போடுவது? மூன்று நடுவர்களும் கை பிசைந்துவிட்டு, பொருந்தாத இரண்டு கட்டத்திலும் பாதி போட்டுவைத்திருக்கிறார்கள்: சுருதிக்கு 12, உச்சரிப்புக்கு 10. அப்படியானால் மீதி 55-க்கு 55 வாங்கினாலும் அந்தக் குழு 77-ஐத் தாண்டவே முடியாது. வாங்கியது சராசரியாக 73. அதாவது தாளம், தோற்றம், வரவேற்பு மூன்றிலும் சேர்த்து 55-க்கு 51. அதே மூன்றில் பாடகிக்கு 44. சுருதியிலும் உச்சரிப்பிலும் 45-க்கு 38 வாங்கி அவர் 82-க்கு ஏறிவிட்டார். பொருந்தாத கட்டங்களை அடித்துவிட்டுச் சதவீதம் போட்டால் பம்பைக் குழு 92-க்கு மேல், பாடகி 82. மேடையில் யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. அச்சகத்தில் தாள் அச்சான அன்றே முடிவு வந்துவிட்டது.

இன்னொன்று: தோல் வாத்தியத்துக்குச் சுருதி இல்லை என்று பாதி மார்க் போட்டதே அறியாமைதான். உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்தி, தளர்த்தி ஸ்வரம் ஏற்றி இறக்குகிறார்கள். பறையைக் காய்ச்சி ஒன்றுக்கொன்று ஒத்துப் போகும்படி கொண்டுவருகிறார்கள். பம்பையில் மேல் முழவும் கீழ் முழவும் எவ்வளவு தள்ளிப் பேச வேண்டும் என்று கயிறு இழுத்துக் கட்டுகிறார்கள். ‘வாத்தியம் சேர்த்த விதம்’ என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் அந்த 25-க்கும் அர்த்தம் இருந்திருக்கும்.

இது தருமபுரிக்கு மட்டும் வந்த நோய் அல்ல. அமெரிக்காவின் கிராமி இசை விருதில், 1989-இல், ஹார்ட் ராக், மெட்டல் என்ற இரண்டு ராக் இசை வகைக்கும் சேர்த்து முதல் முறையாக ஒரே விருது வைத்தார்கள். மெட்டல் குழுவான மெட்டாலிகாவுக்குத்தான் என்று அரங்கம் முழுக்கக் காத்திருக்க, புல்லாங்குழலை முன்னே நிறுத்தி வாசிக்கிற ஜெத்ரோ டல் குழுவுக்கு அதைக் கொடுத்தார்கள். அந்தக் குழு விழாவுக்கே வரவில்லை. அடுத்த ஆண்டே பிரிவை இரண்டாக வெட்டினார்கள். மெட்டல் விருது மெட்டாலிகாவுக்குப் போனது. இசை மாறவில்லை, வாக்களிக்கிறவர்களும் அநேகமாக அதே ஆட்கள்தான். மாறியது பிரிவின் பெயர்.

மாங்கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூராவையும், நறுக்கித் தட்டில் வைத்துச் சாப்பிடுகிற மல்கோவாவையும் ஒரே விலைக்குப் பேசுகிற வியாபாரி கிருஷ்ணகிரியில் கிடையாது. மாங்காய்க்குத் தெரிந்த நியாயம் பம்பைக்குத் தெரியாமல் போனது எப்படியோ.

இந்த இடத்தில் நஞ்சம்மாவை இழுத்து வந்து, ‘பயிற்சி இல்லாதவங்களுக்கே தேசிய விருது கொடுத்தாங்க, இங்க பயிற்சி உள்ளவங்களுக்குக் கொடுத்தா என்ன’ என்று சிலர் வாதாடுகிறார்கள். உதாரணம் தலைகீழாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சம்மாவுக்கு, 2020-ஆம் ஆண்டுப் படங்களுக்கான 68-ஆவது தேசியத் திரைப்பட விருதில் சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைத்தது. அறிவிப்பு வந்தது 2022 ஜூலையில். உடனே கேரளத்து இசைக்கலைஞர் ஒருவர், சுருதி கொடுத்தால் சாதாரணப் பாட்டை அவரால் பாட முடியுமா, இது சங்கீதத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர்களுக்கு அவமானம் இல்லையா என்று கேட்டார். அங்கிருந்தே பல இசையமைப்பாளர்களும் பாடகர்களும் நஞ்சம்மா பக்கம் நின்றார்கள். கேள்வியே இடம் மாறிக் கேட்கப்பட்டது. அந்த விருது, ஒரு படத்தில் ஒரு பாட்டைப் பாடியதற்கு. பாடகியின் மொத்தத் திறமைக்குத் தேர்வு வைத்துத் தருகிற பட்டம் இல்லை. அதே ஆண்டு ஆண் குரல் விருது இந்துஸ்தானி பாடகர் ராகுல் தேஷ்பாண்டேவுக்குப் போனது. ஒரே நடுவர் குழு, ஒரே ஆண்டு: ஒருவர் ராகத்தில் ஊறியவர், இன்னொருவர் மலைப்பாட்டில் ஊறியவர். பாட்டு கேட்டதை இருவரும் கொடுத்தார்கள். இருளர் குடியிருப்புகள் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கமும் உண்டு. அங்கிருந்து ஒருவர் இந்தத் தருமபுரி மேடைக்கு வந்து தன் மொழியில் பாடியிருந்தால், உச்சரிப்புக் கட்டத்தில் இந்த மூன்று நடுவர்களும் எத்தனை மார்க் போட்டிருப்பார்கள்?

கூத்துக் கலைஞருக்கு நடந்தது வேறு கதை. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி அது. சிறப்பு விருந்தினர் பேச்சு 50 நிமிடம் ஓடியதால், 9:40-க்குத்தான் கடைசி மூன்று பதிவுகளும் மேடையேறின. 8 நிமிடம் என்று அறிவித்திருந்ததை 4 ஆகக் குறைத்தார்கள். சினிமாப் பாட்டை 4 நிமிடத்தில் முழுசாகப் பாடிவிடலாம். கூத்தில் இரண்டு பேர் திரை பிடிக்க, வேடக்காரர் உள்ளே நின்றபடி பாடித் தன் வரவைச் சொல்லி, அதற்கப்புறம்தான் முகம் காட்டுவார். 4 நிமிடத்தில் திரையே விலகாது. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்தபோது மணி அடித்துவிட்டார்கள். மேடைத் தோற்றம் 15-க்கு 6 என்று தாளில் இருக்கிறது. ஆளையே பார்க்காமல் போட்ட 6.

போகட்டும், ஒலிக்கு வருவோம். பம்பைக் குழுவுக்கு நடந்த இரண்டாவது அநியாயம் இங்கே இருக்கிறது, இது யாரும் வேண்டுமென்று செய்ததல்ல.

பறையின் தோல் பனியை உடனே குடிக்கும். ஈரம் ஏறினால் தோல் தொய்ந்து ‘தொப்’ என்று பேசும். வைக்கோலோ சருகோ கொளுத்தி, தோல் பக்கத்தை இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் இறுகும், ‘கணீர்’ வரும். பனியில் அது ஒரு பாட்டுக்குத்தான் தாங்கும், மறுபடி காய்ச்ச வேண்டும். மேடைக்குப் பின்னால் குழுவின் மூத்தவர், “தம்பி, ஒரு ஓரமா தீ மூட்டிக்கறோம், அஞ்சு நிமிஷம் போதும்” என்று கேட்க, “பந்தல் துணி இருக்குதுங்க ஐயா, நெருப்பு ஆகாது” என்று பதில் வந்தது. பதில் தவறில்லை, சாமியானாவுக்குப் பக்கத்தில் வைக்கோல் எரிப்பது ஆபத்துதான். ஆனால் மைதானம் பெரிது. பந்தலிலிருந்து 50 அடி தள்ளி, காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிற மூலையில், ஒரு தகரத் தொட்டியும் இரண்டு வாளித் தண்ணீரும் வைத்திருந்தால் முடிந்தது. அந்தக் குழு தொய்ந்த தோலோடு ஏறியது. அடிக்குச்சி விழும்போது வரவேண்டிய கனம் வந்தது, சிம்புக்குச்சியின் சிதறல் எங்கோ அமுங்கிப் போனது. இருந்தும் தாளத்தில் 25-க்கு 24 வாங்கியிருக்கிறார்கள் என்றால், காய்ந்த தோலில் எப்படி அடித்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

மைக் அதைவிட மோசம். பாடகர்களுக்காக மிக்சரில் எல்லாச் சேனலிலும் லோ-கட்டை, அதாவது கனத்த கீழ்ச் சத்தத்தை வெட்டுகிற வடிகட்டியை, 120 ஹெர்ட்ஸில் போட்டிருந்தார்கள். பாட்டுக்கு அது நல்லது. மூச்சு ‘புஸ்’ என்று மைக்கில் மோதுவது, மேடைப் பலகை அதிர்வது எல்லாம் அடங்கும். பம்பைக்கு அது கழுத்தை நெரிப்பது. அடி முழவின் ‘தும்’ முழுக்க அந்தக் கீழ்ப் பகுதியில்தான் இருக்கிறது. வெட்டிவிட்டால் தகர டின்னைத் தட்டுவது போல மிச்சம் நிற்கும். அதற்கு மேல் காற்றுச் சத்தத்தை அடக்க ‘கேட்’ போட்டிருந்தார்கள். சத்தம் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் மைக்கை மூடிவிடுகிற வேலை அது. உடுக்கையின் இழுப்பு மெல்லக் கரைகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் கத்திரி போட்டது போல நின்றது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு நேர்ச் சத்தம் கேட்டதால் தெரியவில்லை. பின்வரிசைக்காரர்கள் கேட்டது பாதிப் பம்பை.

இதற்கு ஆகிற செலவு பூஜ்யம். பம்பைச் சேனலில் லோ-கட்டை எடுத்துவிட வேண்டும், கேட்டை அணைக்க வேண்டும். இரண்டு மைக், முழவின் பக்கத்துக்கு ஒன்றாக, ஓர் அடி தள்ளி வைத்தால் போதும். கெயினை, அதாவது மைக் சத்தத்தை மிக்சர் ஏற்றுகிற அளவை, பாடகர் அளவிலிருந்து நன்றாகக் குறைத்து, ஓங்கி அடிக்கச் சொல்லி அந்த அடியில் சிவப்பு எரியாதபடி நிறுத்த வேண்டும். மெல்ல அடித்துக் காட்டச் சொல்லிச் செக் பண்ணினால், மேடையில் உருவேறி அடிக்கும்போது கிழியும். பறைக்குத் தனித்தனி மைக் வேண்டாம்; தலைக்கு மேலே ஆறடி உயரத்தில் ஒன்று தொங்கினால் தாராளம். ஒரு குழுவுக்கு 3 நிமிட செக். அன்றைக்குப் பாடகர்களுக்கு மட்டும் செக் நடந்தது. தோல் வாத்தியக்காரர்களுக்கு ‘உங்களுக்கு எதுக்குங்கண்ணா மைக், நீங்களே சத்தம்தானே’ என்ற பாராட்டு கிடைத்தது.

மைதானத்தின் பின்பக்கம் சுமார் 100 அடியில் கூடுதலாக இரண்டு ஸ்பீக்கர் நிறுத்தியிருந்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் மேடை ஸ்பீக்கரிலிருந்து கிளம்புகிற சத்தம் 100 அடி கடக்க ஏறத்தாழ 90 மில்லி செகண்ட் ஆகும். பின் ஸ்பீக்கருக்கு ஒயரில் உடனே வந்துவிடும். தாமதம் போடாமல் விட்டால் ஒவ்வோர் அடியும் இரண்டு முறை கேட்கும். மெல்லிசைக்கு அது எக்கோ மாதிரிக் கடந்துபோகும். பறைக்குத் தாளமே குலைகிறது. ‘பறைக்காரங்க ஒண்ணா அடிக்கலை’ என்று பின்வரிசையிலிருந்து வந்த விமர்சனம் உண்மையில் ஸ்பீக்கர் மேல் வந்த விமர்சனம். மிக்சரில் அந்த அவுட்புட்டுக்கு 90 மில்லி செகண்ட் டிலே என்று ஓர் எண்ணைத் தட்டினால் சரியாகும்.

அடுத்த சண்டை, சிறந்த பாடகர். ஜெயித்தவர் பெண்ட்ரைவில் கொண்டுவந்த ட்ராக்குக்கு, அதாவது முன்பே பதிவான பின்னணி இசைக்கு, பாடினார். ட்ராக்கில் பாடக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. அந்த வகையில் அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் பல்லவி வரும் இடத்தில் எல்லாம் குரல் திடீரென்று தடித்தது, மைக்கை வாயிலிருந்து இரண்டு அடி தள்ளிப் பிடித்த ஒரு கணத்திலும் சொல் தெளிவாகவே கேட்டது. கோரஸ் மட்டுமா, வழிகாட்டும் குரலும் சேர்ந்தே ஓடுகிறதா என்பதை மிக்சரில் நிற்கிறவர் பத்து விநாடியில் கண்டுபிடிக்கலாம். பாட்டு ஓடும்போதே ட்ராக் சேனலை மட்டும் ஹெட்போனில் தனியாகக் கேட்க வேண்டும். பாடுகிற வரி அதில் இருந்தால் கை உயர்த்த வேண்டும். மேடையில் நிறுத்த வேண்டிய அவசியமில்லை, நடுவருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினால் போதும். அப்படி ஒரு வழக்கமே அன்றைக்கு இல்லை. எனவே அந்தப் பாடகர் தன் குரலில்தான் பாடினார் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை, பாடவில்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. விருது வாங்கியவருக்கும் இது கெடுதிதான்.

1990-இல் கிராமி ‘சிறந்த புதுமுகம்’ விருதை மில்லி வனில்லி என்ற ஜோடிக்குக் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில், ஆல்பத்தில் இருப்பது அவர்கள் குரலே இல்லை என்று வெளிவந்து விருதைத் திரும்ப வாங்கினார்கள். உள்ளூர் மேடையில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, ஒரு ஹெட்போன் போதும்.

விதியில் எழுதியதை யாராவது சரிபார்த்தார்களா என்ற கேள்வி தேசிய விருதையும் விட்டுவைக்கவில்லை. நஞ்சம்மா வாங்கிய அதே 68-ஆவது விருதுகளில், படப்பிடிப்பு இடத்திலேயே ஒலிப்பதிவு செய்ததற்கான விருது ‘டொள்ளு’ என்ற கன்னடப் படத்துக்குப் போனது. தோல் வாத்தியம் அடிக்கிறவர்களைப் பற்றிய படம் அது, ஓசூர்ப் பக்கத்தில் அந்த வாத்தியத்தைத் தெரியாதவர்கள் குறைவு. அது டப்பிங் செய்த படம் என்று ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி வெளிப்படையாகச் சொன்னார். படத்தின் ஒலி வடிவமைப்பாளரும் அதை உறுதிப்படுத்தினார். பிரிவின் முதல் நிபந்தனையே பார்க்கப்படவில்லை. டெல்லியிலேயே அப்படி என்றால் தருமபுரியை மட்டும் பிடித்து உலுக்குவது நியாயமா என்று கேட்கலாம். நியாயம்தான். 28 பதிவுகளைச் சரிபார்ப்பது நூற்றுக்கணக்கான படங்களைச் சரிபார்ப்பதைவிட எளிது.

ட்ராக்கோடு வருகிறவர்களுக்கு இன்னொரு குழி. இணையத்தில் கிடைக்கிற ‘குரல் நீக்கிய’ ட்ராக்குகளில் பல, இடது சேனலிலிருந்து வலது சேனலைக் கழித்துச் செய்தவை. நடுவில் இருக்கும் குரல் கழிந்துபோகும், கூடவே நடுவில் இருக்கும் பேஸும் டிரம்மும் கழியும். அப்படிச் செய்த சிலவற்றில் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கும். ஹெட்போனில் நன்றாகக் கேட்கும். மைதானத்து ஸ்பீக்கர்கள் இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலக்கிற மோனோவில் ஓடும்போது இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு அநேகமாக ஒன்றுமே வராது. அன்றைக்குக் காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. ஆபரேட்டர் ஒயரை ஆட்டிப் பார்த்தார், பெண்ட்ரைவை மாற்றிப் பார்த்தார், கடைசியில் பாடகர் வாத்தியமில்லாமல் பாடி இறங்கினார். ஒரு பக்கச் சேனலை மட்டும் எடுத்து இரண்டு பக்கமும் அனுப்பியிருந்தால் பாட்டு வந்திருக்கும்.

இனி அந்தப் பிரிவின் கூட்டல். இறுதிக்கு வந்த இருவரின் மார்க் இது. நேரடி ஆர்மோனியத்தோடு பாடியவருக்கு 82, 84, 60. ட்ராக்கில் பாடியவருக்கு 78, 79, 75. கூட்டினால் 226-க்கு 232, ட்ராக்காரர் ஜெயித்தார். கூட்டலில் பிழையில்லை. ஆனால் மூன்று நடுவர்களில் இருவர் ஆர்மோனியக்காரரை மேலே வைத்திருக்கிறார்கள். மற்ற இருவரும் நான்கு, ஐந்து மார்க் வித்தியாசத்துக்குள் அளக்கும்போது, மூன்றாமவர் பதினைந்து மார்க் வித்தியாசத்தில் அளக்கிறார். அவர் கை மற்ற இருவர் கையையும் அமுக்கிவிடுகிறது. மார்க்கை விட்டுவிட்டு ‘யார் முதல், யார் இரண்டாவது’ என்று வரிசை மட்டும் கேட்டிருந்தால் முடிவு தலைகீழ். மூன்று மார்க்கில் நடுவில் இருப்பதை மட்டும் எடுத்தாலும் 82-க்கு 78, ஆர்மோனியக்காரர்தான். எது சரியான முறை என்று விழாவுக்கு முன்பே எழுதி ஒட்டிவிட்டால், எந்த முறையாக இருந்தாலும் சண்டை வராது.

மூன்றாம் நடுவர் ஐந்து நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு வந்தார். அந்த ஐந்துக்கும் அவர் கையெழுத்தில் மார்க் இருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நடுவர்கள் யார் என்பதும் பேச வேண்டிய விஷயம். ஒருவர் கர்நாடக சங்கீத ஆசிரியை, ஒருவர் மெல்லிசைக் குழு நடத்துகிறவர், ஒருவர் விருந்தினர். தோல் வாத்தியத்துக்கும் கூத்துக்கும் ஆள் இல்லை. கிராமியில் இப்போது வாக்களிக்கிற ஓர் உறுப்பினர், பொதுப் பிரிவுகள் போக 10 பிரிவுகளில்தான் கை வைக்கலாம், அதுவும் 3 துறைகளுக்குள். தெரிந்ததை மட்டும் தீர்ப்புச் சொல்லட்டும் என்ற எண்ணம். இங்கே நாட்டுப்புறப் பிரிவுக்கு மட்டும் ஒரு கூத்து வாத்தியாரை உட்கார வைத்திருந்தால், முன்சொன்ன பாதி மார்க் கூத்து நடந்திருக்காது.

‘சிறந்த பாடல்’ விருதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஏற்கெனவே வந்த சினிமாப் பாட்டை மேடையில் பாடிய குழுவுக்கு அதைக் கொடுத்தார்கள். பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் அங்கே இல்லை, பதிவு செய்யவும் இல்லை. கிராமியில் ‘ரெக்கார்ட்’ விருது பாடியவர், தயாரித்தவர், ஒலிப்பதிவு செய்தவர்களுக்கு. ‘சாங்’ விருது எழுதியவர்களுக்கு. தேசிய விருதில் வரிக்குத் தனி விருது உண்டு, நா. முத்துக்குமார் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வாங்கியது அதைத்தான். இங்கே கொடுத்த கோப்பையில் ‘சிறந்த பாடல் விளக்கம்’ என்றோ ‘சிறந்த குழு’ என்றோ எழுதியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். சொந்தமாக எழுதி, மெட்டமைத்து வந்த இரண்டு பதிவுகள் இந்தப் பிரிவில் இருந்தன, அவற்றில் ஒன்று பாலக்கோட்டுக் கல்லூரி மாணவர்களுடையது. அவர்களுக்குத்தான் வருத்தம் நியாயமானது.

பார்வையாளர் வரவேற்புக்கு 15 மார்க் என்பதும் வேலைக்காகாத ஒன்று. ஊத்தங்கரையிலிருந்து ஒரு குழு இரண்டு வேனில் ஆட்களோடு வந்தது, 15-க்கு 14. பென்னாகரத்திலிருந்து பஸ் பிடித்துத் தனியாக வந்தவருக்கு 7. கைதட்டலை அளப்பதானால் வேனையும் எண்ண வேண்டும்.

முதல் சுற்றுத் தேர்வு செல்போன் வீடியோவை வைத்து நடந்தது. இதில் தோல் வாத்தியக் குழுக்கள் அதிகம் அடிபட்டிருக்கும். செல்போன் பெரிய சத்தம் வந்ததும் தானே ஒலியை அமுக்கும். பறையின் முதல் அடிக்கு அமுக்கிவிட்டு, மெல்ல விடும். அடுத்த அடிக்கு மறுபடி அமுக்கும். கேட்கிறவருக்கு மூச்சு வாங்குவது போல இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் நசுங்கும். பதிவு செய்கிறவர்கள் போனை 15 முதல் 20 அடி தள்ளி, நெஞ்சு உயரத்தில், சுவரை விட்டு விலக்கி வைத்து எடுக்க வேண்டும். அறைக்குள் எடுக்கக் கூடாது. அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் நசுங்காமல் போகும். தேர்வுக் குழு யார் என்று இந்த விழாவில் சொல்லப்படவில்லை. கிராமியில் இப்படித்தான் பெயர் தெரியாத குழுக்கள் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தன. தி வீக்எண்ட் என்ற பாடகருக்கு ஒரு பரிந்துரைகூடக் கிடைக்காமல் போன கலாட்டாவுக்குப் பின், 2021-இல் பெரும்பாலான பிரிவுகளில் அந்தக் குழுக்களைக் கலைத்தார்கள்.

மற்ற வசதிகள் சுமார். 300 ரூபாய் நாற்காலிக்கும் 100 ரூபாய் நாற்காலிக்கும் துணி உறை மட்டுமே வித்தியாசம். பின் ஸ்பீக்கர் இரட்டைச் சத்தத்திலிருந்து தப்பிப்பதால் முன்வரிசை வாங்கலாம். எல்.இ.டி திரையும் ஒலி அமைப்பும் ஒரே ஜெனரேட்டர் ஃபேஸில் இருந்ததால், திரையில் வெள்ளை வரும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘ஈ’ என்று ஓர் இழுப்பு. டீ நன்றாக இருந்தது. கழிப்பறைக்குத் தண்ணீர் 8 மணிக்கே தீர்ந்தது. கலைஞர்களுக்கு உடை மாற்ற ஒரே அறை. கூத்துக் கலைஞர் முகத்தில் அரிதாரம் பூச, போன் வெளிச்சத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த முறை பதிவு செய்ய நினைக்கிறவர்கள், மெல்லிசைப் பாடகராகவோ நாதஸ்வரக்காரராகவோ இருந்தால் தாராளமாகப் போகலாம். கட்டணத்துக்கு மேடை கிடைக்கிறது, வீடியோ காப்பியும் ஒரு வாரத்தில் தருகிறார்கள். கூத்து, பம்பை, பறைக் குழுக்கள் மார்க் தாள் மாறுகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டலாம். பட்டம்தான் வேண்டுமென்றால் மாவட்டக் கலை மன்றத்தின் விருதுகளுக்கு விண்ணப்பிப்பது மேல். 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. அங்கே வயதை வைத்துப் பிரிக்கிறார்கள். உச்சரிப்புக்கு 20 என்று யாரும் பம்பைக்காரரைக் கேட்பதில்லை.

எப்படியும் இந்த மேடைக்கே போவதென்றால் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக்கொண்டு போங்கள். குழுவின் பெயர், ஆட்கள் எண்ணிக்கை, எந்த வாத்தியம் எந்தப் பக்கம் நிற்கும், எத்தனை மைக், ‘லோ-கட் வேண்டாம், கேட் வேண்டாம்’ என்ற வரி. மிக்சரில் நிற்கிற தம்பியின் கையில் அதைச் சாயங்காலம் 5 மணிக்கே கொடுத்துவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் அவர் காதில் எதுவும் விழாது.